ஆன் செய்தாலே டிஸ்க் செக்கா? முதலில் காப்பி, அப்புறம்தான் வைத்தியம்

மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுநடுவே ஜெராக்ஸ். ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த நேரத்தில் கடையின் பெரிய கம்ப்யூட்டர் தினமும் காலையில் ஒரு கூத்தைத் தொடங்கியது. ஆன் செய்தால் விண்டோஸ் வராது. டிரைவைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் பக்கத்தில் ஒரு சதவீதமும் வரும். அது 11-ல் போய் உட்கார்ந்தால் இருபது நிமிடம் அசையாது. புரூஃப் பார்க்க வந்த பெண் வீட்டார் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த 11-ஐயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யாரோ சொன்ன ஒரு கட்டளையைப் போட்டு அந்தச் சோதனையே வராமல் நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் நிம்மதி. நான்காவது வாரம் டிஸ்க்கே வரவில்லை. உள்ளே இருந்த டிசைன்களை மீட்க 18,000 ரூபாய் ஆகும், அதுவும் கிடைக்கும் என்று உறுதியில்லை என்றார்கள். விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது கம்ப்யூட்டரும் அதே கூத்தை ஆரம்பித்தபோது, ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "மாமா, எதையும் தொடாதீங்க. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா டைப் பண்ணுங்க" என்றான். அவன் சொல்லித் தந்த வரிசைதான் கீழே இருப்பது. கட்டளைகளையும் அவன் போனில் சொன்ன மாதிரி எழுத்து எழுத்தாகவே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், சொன்ன இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு டைப் செய்யுங்கள்.

1. முதல் காரியம் காப்பி

சோதனை தொடங்கும் முன் சில வினாடி அவகாசம் தந்து, வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று திரை சொல்லும். இன்றைக்கு மட்டும் அழுத்தி உள்ளே போங்கள். சோதனை ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டால் பவரைப் பிடுங்காதீர்கள், முடியட்டும்.

உள்ளே போனதும் முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்துவிடுங்கள். வெளி டிஸ்க்கை நீல நிற யுஎஸ்பி துளையில் சொருகினால் வேகமாகப் போகும். பழைய கறுப்புத் துளையில் 100 ஜிபி காப்பி ஆக ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். டிஸ்க் சந்தேகத்தில் இருக்கும்போது மொத்தமாக இழுத்துப் போடாமல், இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது என்கிற ஃபோல்டரை முதலில் எடுங்கள்.

பலரும் மறப்பவை: டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். கணக்கு எழுத டேலி வைத்திருப்பவர்கள் டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்துவிடுங்கள். என்னைப் போலத் தமிழ் டைப்செட்டிங் செய்பவர்கள் ஃபான்ட் ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். பத்து வருஷமாகச் சேர்த்த பாமினி வகை ஃபான்ட்கள் போய்விட்டால், பழைய கோரல்டிரா ஃபைல் பிழைத்திருந்தும் திறந்து பார்த்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். எனக்கு நின்றது.

புதிய லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்பார்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அதன் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பின்னால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன்னால் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எதையாவது மாற்றும்போதோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போதோ அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும்.

2. எந்த டிரைவ் என்று பாருங்கள்

கறுப்புத் திரையில் டிரைவின் எழுத்தும் இருக்கும். சி என்றே நாமாக நினைத்துக்கொள்கிறோம், பல சமயம் அது டி-யாகவோ, பின்பக்கம் சொருகி மறந்துபோன பென் டிரைவாகவோ இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சோதனை வரவில்லையென்றால் பிரச்சினை அந்தப் பென் டிரைவில்தான். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு அதை ஃபார்மட் செய்தால் வேலை முடிந்தது.

3. அழுக்குக் கொடி நிற்கிறதா என்று கேளுங்கள்

விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு அடையாளக் கொடி வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, ஃபைல் அமைப்பில் கோளாறு தெரிந்தாலோ அந்தக் கொடி ஏறும். அடுத்த முறை ஆன் ஆகும்போது ஆட்டோசெக் என்ற சின்ன புரோகிராம் அதைப் பார்த்துச் சோதனையை ஆரம்பிக்கும். சோதனை ஒழுங்காக முடிந்தால் கொடி இறங்கிவிடும். ஆகவே தினமும் சோதனை வருகிறது என்றால், ஒன்று அது முழுதாக முடியவில்லை. இல்லையென்றால் முடிந்த பிறகு ஏதோ ஒன்று மறுபடி கொடியை ஏற்றுகிறது.

ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி (cmd) என்று மூன்று எழுத்து டைப் செய்து, வரும் கறுப்புச் சதுரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அதில்:

எஃப், எஸ், யு, டி, ஐ, எல் சேர்த்து; இடைவெளி; டி, ஐ, ஆர், டி, ஒய் சேர்த்து; இடைவெளி; க்யூ, யு, இ, ஆர், ஒய் சேர்த்து; இடைவெளி; சி, அதை ஒட்டி முக்காற்புள்ளி (fsutil dirty query c:). என்டர்.

அழுக்கு என்றோ அழுக்கு இல்லை என்றோ ஒரே வரியில் பதில் வரும். 'இல்லை' என்பதைப் பெரிய எழுத்தில் காட்டும், அதனால் குழப்பம் வராது. சி-க்குப் பதில் டி போட்டு அதையும் கேளுங்கள். இந்தக் கொடியை நாமாகக் கையால் இறக்க நேர்வழி கிடையாது, சோதனை முடிந்துதான் இறங்க வேண்டும். இறக்கித் தருகிறேன் என்று நெட்டில் கிடைக்கும் இலவசச் சாஃப்ட்வேர் எதையும் இறக்காதீர்கள்.

இரண்டு டிரைவுமே அழுக்கு இல்லை என்று வந்தும் தினமும் சோதனை ஓடினால் நேராக 8-க்குப் போங்கள்.

4. டிஸ்க்கின் நாடியைப் பிடியுங்கள்

நான் முதல் தடவை தவறவிட்டது இந்தப் படியைத்தான்.

ஹார்ட் டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே கணக்கெழுதி வைத்திருக்கும். அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல் நான்கு வரிகளைப் பாருங்கள்.

05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. கடைசிப் பத்தியில் இருக்கும் எண்தான் கணக்கு. இந்த மூன்றிலும் பூஜ்யம் இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு இருந்து, நாளைக்குப் பார்க்கும்போது கூடியிருந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள், 9-க்குப் போங்கள். எண்கள் ஏ, பி, எஃப் என்று எழுத்து கலந்து தெரியலாம். மெனுவில் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது வரி சி7. இது டிஸ்க்கின் நோயைச் சொல்வதில்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியில் கெட்டதைக் கணக்கெழுதும், அதாவது பெரும்பாலும் கேபிள். என் இரண்டாவது கம்ப்யூட்டரில் மற்ற மூன்றும் பூஜ்யம், சி7 மட்டும் 412. "மாமா, டிஸ்க் நல்லா இருக்கு. கேபிளைப் பாருங்க" என்றான்.

எஸ்எஸ்டி-யில் (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) வரிகள் வேறு மாதிரி இருக்கும், ஆயுள் சதவீதத்தைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் போகும் முன் பல சமயம் டக் டக் என்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி வாயே திறக்காது.

கூடவே விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவில் வின்இனிட் என்ற பெயரில் 1001 என்ற எண்ணைத் தேடுங்கள். காலையில் கறுப்புத் திரையில் ஓடி மறைந்த சோதனையின் முழு அறிக்கையும் அங்கே இருக்கும். சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரில் 7 இருந்தால் கெட்ட இடம். என்டிஎஃப்எஸ் என்ற பெயரில் 55 இருந்தால் ஃபைல் அமைப்பில் கோளாறு. கெர்னல்-பவர் என்று 41 வரிசையாக நின்றால் கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோகிறது என்று அர்த்தம், அதை 7-இல் சொல்கிறேன்.

5. கேபிள்

டெஸ்க்டாப்பாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டையான சாட்டா கேபிளைப் பாருங்கள். திறக்கும் முன் வாரண்டி ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது கிழிந்தால் வாரண்டி போச்சு என்பார்கள்.

என் கேபிளின் முனையில் சின்ன இரும்புக் கொக்கி உடைந்திருந்தது. லேசாகத் தொட்டாலே ஆடியது. மேஜைக்கு அடியில் வைத்த பெட்டி, போகிற வருகிற கால் எல்லாம் அதில்தான் இடிக்கும். டூவீலரை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோடு போய் 100 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். வண்டி நிறுத்த இடம் தேடிய நேரம்தான் அதிகம். இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும் கேபிளாகக் கேளுங்கள். போர்டிலும் பழைய துளையை விட்டு வேறு துளையில் மாட்டுங்கள்.

கேபிள் மாற்றினாலும் சி7 எண் குறையாது, அது பழைய கணக்கு. கூடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு இன்றும் 412-தான்.

லேப்டாப்பில் இந்த வேலை நமக்கு ஆகாது, சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

6. இப்போது சோதனையை முழுதாக ஓட விடுங்கள்

காப்பி எடுத்தாயிற்று, டிஸ்க் நலம், கேபிளும் சரி. இனிமேல்தான் இது. அதே கறுப்பு ஜன்னலில்:

சி, எச், கே, டி, எஸ், கே சேர்த்து, இடைவெளி, சி, ஒட்டி முக்காற்புள்ளி, இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த கோடு, ஒட்டி எஃப் (chkdsk c: /f).

டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது, அடுத்த ஸ்டார்ட்டில் பார்க்கட்டுமா என்று கேட்கும். ஒய் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு அநேகமாகச் சில நிமிடங்கள் போதும்.

எஃப் இருக்கும் இடத்தில் ஆர் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். நன்றாக இருக்கிற 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கே சில மணி நேரம் ஆகும், கெட்ட இடங்கள் இருந்தால் ராத்திரி முழுவதும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை இப்படிப் படிக்க வைப்பது, மூச்சு வாங்குகிற ஆளை யானைமலை உச்சிக்கு ஏற்றுகிற மாதிரி. காப்பி எடுக்காமல் ஆர் போடவே போடாதீர்கள்.

நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் ஏரியாவில் என்றைக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள் என்று பேப்பரில் முந்தின நாளே போடுவார்கள். அநேகமாகக் காலை 9 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் கடை மூடும்போது ஓட விட்டுப் போவதுதான் எனக்குத் தோதாக இருந்தது. முடிந்ததும் 3-இல் சொன்ன கட்டளையை மறுபடி போட்டு, கொடி இறங்கிவிட்டதா என்று கேளுங்கள்.

7. மறுபடியும் வந்தால்: கரண்டும் மெயின் சுவிட்சும்

கேபிள் மாற்றிய பிறகும் எனக்கு வாரத்தில் இரண்டு நாள் சோதனை வந்துகொண்டிருந்தது. மண்டை காய்ந்துவிட்டது. ஒருநாள் கடை மூடும்போதுதான் கவனித்தேன். நான் ஷட்டவுன் கொடுப்பேன், திரை இருண்டுவிடும். உடனே நம்ம கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெயினைப் பட்டென்று தட்டுவான். திரை இருண்டாலும் பெட்டிக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், முன்னால் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்டேட் இருக்கும் நாட்களில் இது நிமிடக்கணக்கில் ஆகும். "திரைதான் அணைஞ்சிருச்சேண்ணே" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் பல வருஷம் அதையேதான் செய்திருக்கிறேன். இப்போது சுவிட்ச் போர்டில் ஒரு ஸ்டிக்கர்: பெட்டி விளக்கு அணைந்த பிறகு மெயின்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. கரண்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் வேகம் கூடும். தனி யுபிஎஸ் இருந்தும் உடனே அணைந்தால் அநேகமாக அதன் பேட்டரி செத்திருக்கும். புது யுபிஎஸ் வாங்க வேண்டாம், பேட்டரி மட்டும் மாற்றலாம். எனக்கு 900 ரூபாய் ஆனது.

அரசு கொடுத்த மடிக்கணினிகளில் சிலவற்றில் விண்டோஸும், பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே இருக்கும். அதில் கன்ட்ரோல் பேனலில் பவர் பகுதிக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரம் லினக்ஸிலிருந்து அதே டிரைவில் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். லினக்ஸ் பக்கம் தினமும் சோதனை ஓடினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். டிஸ்க்கைக் கடைசியாகத் தொட்ட தேதி எதிர்காலத்தில் இருக்கிறதே என்று அது குழம்பிச் சோதனைக்குப் போகும். செல் ஐம்பது ரூபாய்க்குள்தான்.

8. அதற்கும் மசியாவிட்டால்

கொடி ஏறவில்லை, ஆனாலும் சோதனை வருகிறது என்றால் யாரோ எப்போதோ போட்ட உத்தரவு அழியாமல் நிற்கிறது. பார்ட்டிஷன் பிரிக்கும் சாஃப்ட்வேர், டிஃபிராக் சாஃப்ட்வேர் போன்றவை இப்படி விட்டுவிட்டுப் போகும். பழைய நிலைக்குக் கொண்டுவர:

சி, எச், கே, என், டி, எஃப், எஸ் சேர்த்து, இடைவெளி, சாய்ந்த கோடு, ஒட்டி டி (chkntfs /d).

இதே கட்டளையில் டி-க்குப் பதில் எக்ஸ் போட்டு டிரைவ் எழுத்தையும் சேர்த்தால், அந்த டிரைவுக்குச் சோதனையே வராது. நான் முதல் கம்ப்யூட்டரில் செய்தது அதுதான். கொடி ஏறியபடியே இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. உங்களுக்கும் யாராவது அதைப் போட்டுக் கொடுத்திருந்தால், இப்போது டி போட்டு எடுத்துவிடுங்கள்.

சி சரி, டி டிரைவில் மட்டும் கொடி இறங்கவே மாட்டேன் என்றால், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, முழு ஃபார்மட் செய்து, திரும்பப் போடுங்கள். எல்லாம் செய்தும் வெவ்வேறு ஃபைல்கள் கெட்டுக்கொண்டே இருந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் மெனுவில் எம், டி, எஸ், சி, எச், இ, டி (mdsched) என்று அடித்தால் விண்டோஸின் மெமரி சோதனை வரும்.

9. டிஸ்க் போய்விட்டது என்றால்: பில், வாரண்டி, செலவு

முதலில் பில்லைத் தேடுங்கள். லேப்டாப் என்றால் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரண்டி இருக்கிறதா என்று காட்டும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்குக்கு மட்டும் வாரண்டி மிச்சம் இருக்கலாம். என்னிடம் துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட்தான் இருந்தது, அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஜிஎஸ்டி எண்ணும் டிஸ்க்கின் சீரியல் எண்ணும் உள்ள பில்லாகக் கேட்டு வாங்குங்கள். 4-இல் பார்த்த திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள், கவுண்டரில் பேச்சு குறையும். நியாயமான வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாரண்டியில் டிஸ்க்தான் மாறும், உள்ளே இருந்தவை திரும்பாது.

வாரண்டி இல்லையென்றால் எஸ்எஸ்டி-யாகவே மாற்றிவிடுங்கள். நான் 500 ஜிபி-க்கு 3,200 கொடுத்தேன், விண்டோஸ் போட 500. டிஸ்க் விலை மாதத்துக்கு மாதம் ஆடுகிறது, இரண்டு கடையிலாவது கேளுங்கள். காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைத்துவிடும். அதற்கு மேல் நம் சாஃப்ட்வேர், பிரின்டர், ஃபான்ட் எல்லாம் போட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

புது டிஸ்க் போட்டால் விண்டோஸையும் புதிதாக வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்கெனவே டிஜிட்டல் உரிமத்தில் ஆக்டிவேட் ஆகியிருந்தால், அது போர்டோடு சேர்ந்தது. அதே வகை விண்டோஸைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் இருந்தால் நீங்களே போடலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எப்படியும் புதிதாகப் போடுகிறோம் என்றால் 11 ஏற்குமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கெட்டது என்றாலும் யாராவது கொஞ்சம் படித்துவிட முடியும். ஜெராக்ஸ் கடைக்காரன் டிஸ்க்கில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பத்திரமும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிக் கிடக்கும். "வேஸ்ட்தானே, போட்டுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கேட்டு வாங்கி வந்து, தட்டைக் கழற்றிச் சுத்தியலால் நான்கு போடு போட்டேன். அதிலிருந்து எடுத்த காந்தம் இரண்டும் இப்போது கட்டிங் மேஜையில் ஊசிகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.